பின் டயர்: கிலோமீட்டருக்குப் பத்துப் பைசா

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பெட்ரோல் கணக்குப் பார்க்காதவர் கிடையாது. டயர் கணக்குப் பார்ப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என்னிடம் இருப்பது 150 சிசி பல்சர். பின் டயர் 100/90-17 அளவு, உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ். மாற்றினால் கூலியோடு சேர்த்து ஏறக்குறைய 2,500 ரூபாய் ஆகும். அது 25,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்குப் பத்துப் பைசா. வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். பெட்ரோல் செலவில் இருபதில் ஒரு பங்குதான் டயர்.

இப்போது மொட்டையாகிப்போன டயரை "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று இழுத்து ஓட்டுகிறவரின் கணக்கைப் பாருங்கள். கூடுதலாக 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மிச்சம் 200 ரூபாய். அதே மனிதர் முதல் நாளிலிருந்து காற்றைக் கவனிக்காமல் விட்டதால் 25,000 ஓட வேண்டிய டயர் 15,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டது என்றால், இழந்தது 1,000 ரூபாய். மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, பிடிக்கக் கூடாத இடத்தில் பிடிக்கிறோம்.

விதையும் பயிர் மருந்தும் விற்கும் நிறுவனத்தில் எனக்குக் களப்பணி. ஒட்டன்சத்திரத்தில் இருந்துகொண்டு பழனி, தாராபுரம், உடுமலைப்பேட்டை, வேடசந்தூர் என்று சுற்றுவேன். மாதத்துக்குச் சுமார் 2,500 கிலோமீட்டர். பெட்ரோலுக்குக் கம்பெனி படி கொடுக்கிறது. டயர் என் கையிலிருந்து. அதனால்தான் இந்தக் கணக்கெல்லாம்.

காற்றிலிருந்து தொடங்குகிறேன். இதில் கோட்டை விட்டால் கீழே சொல்லப்போகும் எதுவும் பயன்தராது. என் வண்டியின் கையேட்டில் முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28, பின்னால் ஆள் இருந்தால் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று இருக்கிறது. பல வண்டிகளில் செயின் கவர் மேலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் மேலோ ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் இந்த எண் மாறும். பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கும் பையனைக் கேட்டால் எல்லா வண்டிக்கும் ஒரே எண்தான் வைப்பான். குறையை அவன் மேல் சொல்ல முடியாது, நாம் எண்ணைச் சொல்வதில்லை. பங்க்கில் காற்று இலவசம், அது விதி. ஆனால் அங்குள்ள மீட்டர் சரியாகக் காட்டும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஒரே நாளில் அடுத்தடுத்த இரண்டு பங்க்கில் அளந்து, நான்கு பிஎஸ்ஐ வித்தியாசம் பார்த்திருக்கிறேன். சில நூறு ரூபாய்க்குக் கையடக்க மீட்டர் கிடைக்கிறது. டயர் விஷயத்தில் முதலில் வாங்க வேண்டிய சாமான் அதுதான். கட்டை விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டுவது மாட்டுச் சந்தையோடு இருக்கட்டும். பக்கச் சுவர் கெட்டியான டயரில் 18 பிஎஸ்ஐயும் 28 பிஎஸ்ஐயும் விரலுக்கு ஒன்று போலத்தான் தெரியும்.

காற்றைக் காலையில், வண்டி கிளம்பும் முன் அளக்க வேண்டும். ஓடினால் டயர் சூடாகும், உள்ளே அழுத்தம் ஏறும். பத்து டிகிரி சூடு கூடினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். சித்திரை வெயிலில் தாராபுரம் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்தால் 32 காட்டுகிறது என்று சிலர் காற்றை இறக்கிவிடுவார்கள். மறுநாள் காலையில் டயர் ஆறியபின் பார்த்தால் தேவையைவிடக் குறைவாக இருக்கும். சூட்டில் ஏறும் அழுத்தத்தையும் கணக்கில் வைத்துத்தான் தயாரிப்பாளர் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

காற்றுக் குறைந்தால் ஏன் தேய்கிறது? டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் பட்டு நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. காற்றுக் குறைய நசுங்கல் கூடும். ரப்பரும் உள்ளே இருக்கும் நைலான் நூல் அடுக்கும் வளைந்து நெளிந்து சூடாகும். சூடான ரப்பர் இளகும், இளகிய ரப்பரை ரோடு எளிதில் உரிக்கும். நசுங்கும் டயரை உருட்ட எஞ்சினுக்குக் கூடுதல் பலம் வேண்டும் என்பதால் பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். மேலே சொன்ன இருபது பங்குக் கணக்கை நினைத்துப் பாருங்கள்: பெட்ரோல் செலவு இருபதில் ஒரு பங்கு கூடினாலே அது டயரின் முழுச் செலவுக்குச் சமம்.

கூடுதலாக வைத்தால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடுதல் காற்றில் டயர் உருண்டு திரண்டு நிற்கும், நடுப்பகுதி மட்டும் தரையில் படும். நடுப் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) முழுக்கப் போய்விட்டிருக்கும், ஓரப் பட்டன் கடையில் வாங்கியது போல அப்படியே இருக்கும். பிரேக் பிடித்தால் வழுக்கும். மேடு பள்ளத்தில் முதுகும் கேட்கும்.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. வேடசந்தூர், தாராபுரம் வறட்சிப் பகுதியில் சீமைக் கருவேல முள் இல்லாத வண்டிப்பாதை கிடையாது. முள் ஏறி நுனி உள்ளேயே ஒடிந்துவிடும். டியூப்லெஸ் டயரில் அது உடனே பஞ்சராகக் காட்டாது. நாளுக்கு ஓரிரண்டு பிஎஸ்ஐ என்று கசியும். ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் ஒன்றிரண்டு வாரத்தில் 15, 16 பிஎஸ்ஐக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். நல்ல டயர் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்குவது இயல்பு. வாரத்துக்கு மூன்று இறங்கினால் முள்ளைத் தேடுங்கள். சோப்பு நுரையைத் தடவிச் சக்கரத்தை மெல்லச் சுற்றினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். வால்வின் வாயிலும் ஒரு சொட்டு வையுங்கள். பாதிக் கசிவு அங்கேதான் இருக்கும். ஐந்து ரூபாய் மூடி இல்லாமல் மண் புகுந்து வால்வு பின் கெட்டுப்போன வண்டிகள் எத்தனையோ.

சுமை விஷயமும் காற்றோடு சேர்ந்ததுதான். என் பின் டயரின் பக்கச் சுவரில் 55P என்று இருக்கிறது. 55 என்றால் 218 கிலோ வரை தாங்கும், P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை என்று பொருள். தாங்கும் என்பது சரியான காற்று இருந்தால்தான். 45 கிலோ யூரியா மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிற விவசாயி, மனைவியை ஏற்றிக்கொண்டு போவது போலத்தான் கணக்கு வைக்க வேண்டும்: 32. இதைச் சொன்னால் கடைத் திண்ணையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், டயர் சிரிப்பதில்லை.

அடுத்தது செயின். டயர் தேய்வதற்கும் செயினுக்கும் என்ன உறவு என்று தோன்றும். தொங்கும் செயின் ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதும் வெடுக்கென்று இழுக்கும். அந்த வெடுக்கு அப்படியே பின் டயருக்குப் போகும். பின் சக்கர ஹப்புக்குள் கப்ளிங் ரப்பர் என்று ஒன்று இருக்கிறது. இந்த உதறலை வாங்கிக்கொள்வதற்கென்றே வைத்தது. அது நைந்து போனால் யாரும் கவனிப்பதில்லை, விலையும் அதிகமில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் நிற்க, சக்கரம் மட்டும் லொடலொடவென்று ஆடினால் ரப்பர் போய்விட்டது.

செயினை இறுக்கும்போது சக்கரம் கோணலாகிவிடுவதும் உண்டு. ஸ்விங் ஆர்மில் இரு பக்கமும் கோடுகள் இருக்கும். அவசரத்தில் ஒரு பக்கம் மூன்றாவது கோடு, மறு பக்கம் இரண்டரை என்று மெக்கானிக் விட்டுவிடுவார். வண்டி ஓடும், ஒரு பக்கமாக இழுப்பதும் பெரிதாகத் தெரியாது, டயர் மட்டும் அரைபடும். அந்தக் கோடுகளையும் முழுக்க நம்ப வேண்டாம். கொத்தனார் பிடிக்கும் நூல் போதும். பின் டயரின் இரு பக்கமும் நூலை ஒட்டிப் பிடித்து, முன் டயர் வரை நேராக இழுங்கள். பின் டயரின் முன் ஓரமும் பின் ஓரமும் நூலைத் தொட வேண்டும். முன் டயர் குறுகலானது என்பதால் அங்கே இரு பக்கமும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி இரண்டும் சமமாக இருந்தால் சக்கரம் நேராக இருக்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் முதலில், "என்ன தம்பி, வீடு கட்டப் போகிறீர்களா?" என்றார். இப்போது அவரே ஒரு நூல்கண்டு வைத்திருக்கிறார்.

செருப்பின் தேய்மானத்தைப் பார்த்து நடையைச் சொல்லிவிடுவது போல டயரைப் பார்த்து வண்டியின் நோயைச் சொல்லிவிடலாம். நடு மட்டும் போனால் காற்று அதிகம், அல்லது நால்வழிச் சாலையில் நேராகவே ஓடும் வண்டி. இரு ஓரமும் போய் நடு நின்றால் காற்றுக் குறைவு. முன் டயரில் கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தட்டுப்பட்டால் முன் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் ஃபோர்க் ஆயிலையும் காற்றையும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தால் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைப் பூட்டியிருக்கிறார்கள்.

வலது பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். நாம் இடப்பக்கமாகப் போகிறோம். ரோடு இடப்புறம் சரிந்திருக்க வண்டி நேராக நிற்பதால் டயரின் நட்ட நடுவுக்கு இம்மியளவு வலப்பக்கம்தான் தரையில் படும். வலப்பக்கத் திருப்பங்கள் அகலமானவை, அவற்றில் தூரமும் வேகமும் கூடுதல். வருடக் கணக்கில் இது தெரியத்தான் செய்யும்.

ஓட்டும் கையைப் பற்றி அறிவுரை சொன்னால் யாருக்கும் பிடிக்காது, சுருக்கமாகவே சொல்கிறேன். எஞ்சின் பலம் முழுவதும் பின் டயர் வழியாகத்தான் தரைக்கு வருகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 60இலிருந்து 80க்குப் போனால் அது ஏறக்குறைய 1.8 மடங்கு. அத்தனையையும் தள்ளுவது பின் டயரின் உள்ளங்கை அகல ரப்பர். பழனி பைபாஸில் 80இல் போய்ச் சேர்ந்தாலும் 60இல் போய்ச் சேர்ந்தாலும் உரக்கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும்.

பிரேக்கில் ஒரு வார்த்தை கூடுதல். பின் பிரேக்கை மட்டும் நம்பும் பழக்கம் நம் ஊரில் ஊறிப்போனது. முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சைக்கிள் காலத்துப் பயம். வேகம் குறையும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் இலகுவாகிறது. அப்போது பின் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு தரையில் இழுபடும். ஒரே இழுப்பில் போகும் ரப்பர் பல கிலோமீட்டர் ஓட்டத்தில் போவதற்குச் சமம். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸையும், 125 சிசி வரை குறைந்தது இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ்ஸையும் கட்டாயமாக்கினார்கள். ஆனாலும் பல வண்டிகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் உங்கள் காலின் பொறுப்பு. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறி இறங்கும்போது இது நன்றாகப் புரியும்: கியரைக் குறைத்து எஞ்சினிலேயே வேகத்தைப் பிடித்து இறங்குகிறவரின் டயரும் பிரேக் ஷூவும் நீண்ட நாள் வரும்.

ரோட்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, ரோட்டில் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கிராமங்களுக்குள் போட்டிருக்கும் சிமென்ட் சாலை தார்ச் சாலையைவிட டயரை அதிகம் அரைக்கும். புதிதாக ஜல்லி தூவிய சாலை அதைவிட மோசம். லாரியிலிருந்து சிந்திய எம்-சாண்ட் திருப்பங்களின் ஓரத்தில் குவிந்திருக்கும். அங்கே டயரைப் பற்றி யோசிக்காதீர்கள், எலும்பைப் பற்றி யோசியுங்கள்.

ஓடாமல் நிற்கும் வண்டியின் டயரும் கெடுகிறது. வெயில் ரப்பரை வறட்டும், ஓரங்களில் முடி முடியாக வெடிப்பு விடும். நிழலில் நிறுத்துவது எல்லோருக்கும் தெரிந்தது. பலருக்குத் தெரியாதது வாட்டர் சர்வீஸ் கடையில் நடப்பது. கழுவி முடித்ததும் வண்டி பளபளக்க டீசலைப் புகைபோல அடிப்பார்கள். டீசல் ரப்பருக்கு விஷம், ஊறவைத்து உப்ப வைக்கும். பிரேக்கிலும் படும். "டீசல் வேண்டாம், தண்ணீர் போதும்" என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். டயர் கறுப்பாக மின்னுவதற்கென்று விற்கும் பாலிஷும் வேண்டாம். தரையில் படும் இடத்தில் அது ஏறினால் முதல் திருப்பத்திலேயே தெரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1424 என்றால் 2024ஆம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் செய்தது. கடைக்காரர் தள்ளுபடி விலையில் தருகிறார் என்றால் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள். டயர் கிடங்கில் இருந்தாலும் வயதாகும். நம் மாநிலத்தில் டயருக்குப் பஞ்சமில்லை. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது எம்ஆர்எஃப். மதுரை மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா இருசக்கர வண்டி டயர்களைச் செய்து குவிக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் ஆலைகள். இத்தனை அருகில் செய்கிறார்கள், மூன்று வருடம் தூங்கிய டயரை நாம் ஏன் எடுக்க வேண்டும்?

எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. கெட்டி ரப்பர் நாள்பட ஓடும், மழையில் பிடிப்புக் குறையும். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஒரே கம்பெனியிலேயே இரண்டும் விற்கும். இரண்டு குணமும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்கும் என்று சொல்கிற விற்பனையாளரைக் கண்டால் எனக்கு என் தொழில்தான் நினைவுக்கு வருகிறது. ஒன்று மட்டும் உறுதி: கம்பெனி கொடுத்த அளவை மாற்றாதீர்கள். கம்பீரமாக இருக்கும் என்று 100 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பதில் 120 போடுகிறார்கள். குறுகலான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இறுகி நடு மேடாகும். அகலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு நடுவை மட்டும் தேய்க்கிறார்கள்.

மாட்டும்போது அம்புக்குறி இருந்தால் சுழலும் திசை சரிதானா என்று நின்று பாருங்கள். டயர் கடையில் கூட்டமான நாளில் திருப்பி மாட்டிவிடுவது நடக்கிறது.

பஞ்சரானால் ஏறி ஓட்டாமல் தள்ளுங்கள். காற்றே இல்லாமல் அரை கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிம்மும் ரோடும் சேர்ந்து பக்கச் சுவரை நசுக்கி உள் நூலை அறுத்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு நாள் அந்த இடம் உப்பும். டியூப்லெஸ்ஸில் ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக இருந்து கடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளியிலிருந்து திரியைக் குத்தி அடைப்பது வழியில் ஆபத்துக்கு உதவும். டயரைக் கழற்றி உள்ளேயிருந்து காளான் வடிவ ரப்பரை வைத்து ஒட்டுவது நிலைத்து நிற்கும். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் ஒட்ட வேண்டாம், மாற்றுங்கள்.

மொட்டையான டயரை வைத்து நடக்கும் வித்தைகளுக்கு வருகிறேன். சூடான கத்தியால் டயரில் புதிதாகக் கோடு கீறித் தருகிறார்கள். பார்ப்பதற்குப் பட்டன் போல இருக்கும். கீறும் அளவுக்கு அங்கே ரப்பர் இருந்தால் டயர் மொட்டையாகியிருக்காதே! கத்தி நூல் அடுக்கை நெருங்கிவிடும். லாரி டயரில் ரீட்ரேடிங் செய்கிறார்களே என்பார்கள். நாமக்கல் லாரிகள் அப்படித்தான் ஓடுகின்றன, உண்மை. லாரி டயரின் உள்கூடு இரண்டு மூன்று முறை மேல்தோல் மாற்றும் அளவுக்குக் கனமாகச் செய்தது. அந்த லாரி சாய்ந்து திரும்புவதும் இல்லை. இருசக்கர டயர் மெல்லியது, வளைவானது, ஓரம் வரை தரையில் படுவது. கசியும் டியூப்லெஸ்ஸுக்குள் டியூப் போட்டு ஓட்டுவது நான்காவது, ஐந்தாவது பஞ்சருக்குப் பின் எல்லோருக்கும் வரும் யோசனை. பக்கத்து ஊருக்குப் போய்ச் சேரலாம். அதையே நிரந்தரமாக்கினால் டயருக்கும் டியூப்புக்கும் இடையே உரசல், சூடு, ஒரு நாள் திடீர்க் காற்றிறக்கம்.

நான் டயர் மாற்றுவதற்குக் கிலோமீட்டரை மட்டும் பார்ப்பதில்லை. பக்கச் சுவரில் தேய்மானத்தைக் காட்டும் TWI என்ற எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பட்டன் இடுக்கில் சிறு மேடு ஒன்று தெரியும். பட்டன் அந்த மேட்டோடு சமமானால் முடிந்தது. அதற்கு முன்பே நாள்காட்டியும் பேசும். எங்களுக்கு மழை ஐப்பசியில். மேட்டுக்கும் பட்டனுக்கும் கொஞ்சம்தான் இடைவெளி என்ற நிலையில் புரட்டாசி முடிந்தால், மீதியிருக்கும் ஆயிரம் கிலோமீட்டரை விட்டுக்கொடுத்துவிடுவேன். கணக்குப்படி 100 ரூபாய் நஷ்டம். தண்ணீரை வெளியே தள்ளுவது அந்த இடுக்குகள்தான், வடகிழக்குப் பருவமழையில் அவை ஆழமாக இருக்க வேண்டும்.

எனக்கு இரண்டு பின் டயருக்கு ஒரு முன் டயர் என்ற கணக்கில் வருகிறது. முன் டயரில் பட்டன் நிறைய இருந்தாலும் பிரேக்கும் திருப்பமும் அதன் தலையில் என்பதால் அதன் வெடிப்பையும் வயதையும் தனியாகப் பார்ப்பேன். புது டயரில் அச்சிலிருந்து எடுத்த வழவழப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை சாய்ந்து திரும்பாமல், அழுத்திப் பிரேக் பிடிக்காமல் ஓட்டினால் அது போய்விடும். அந்த வாரத்தில் கொடைக்கானல் பக்கம் வேலை வைத்துக்கொள்வதில்லை. பூண்டு விவசாயிகளிடம் அடுத்த வாரம் வருகிறேன் என்று போனில் சொல்லிவிடுவேன்.